ஒன்பது அடியில் பட்டாபிராம் சைடிங்

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் மழை. ஏழு மணிக்கு விட்டது. துணி காயவில்லை.

ப.மி.சை. போய் வந்தேன். (பட்டாபிராம் மிலிட்டரி சைடிங். இனி முழுதாக எழுதப் போவதில்லை.) போனேன், இறங்கவில்லை, அதே வண்டியில் ஆவடிக்குத் திரும்பினேன். வழக்கம்போல.

கடைசி ஸ்டேஷனில் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிய பூக்காரம்மா என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

"யக்கோவ், எந்திரி. அவ்ளோதான் லைனு. இதுக்கு மேல தண்டவாளம் கெடயாது."

"தெரியும்மா."

"தெரிஞ்சிகினு எதுக்கு குந்தினு கீறே?"

நல்ல கேள்வி. இருபது வருடமாக இதையே செய்கிறேன்.

எல்லாருக்கும் டெல்லி போகிற ரயில் பிடிக்கும். எனக்கு ஒரு வடை தின்று முடிப்பதற்குள் முடிந்துபோகிற லைன் பிடிக்கும். மெயின் லைனிலிருந்து பிரிந்து, இரண்டு ஸ்டேஷன் போய், போதும் என்று நின்றுவிடும் லைன். எந்த அலட்டலும் இல்லை. என் பட்டியல், பிடித்த வரிசையில்:

1. ப.மி.சை. - நம்ம ஊர். போட்டியே இல்லை.
2. நீடாமங்கலம்-மன்னார்குடி. நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது, முகூர்த்த நேரத்தில் நான் மண்டபத்தில் இல்லை. எங்கே இருந்தேன் என்று இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.
3. அண்ணா நகர் கிளை. இப்போது ரயில் இல்லை. ஓடிய காலத்தில் ஒரே ஒரு முறை போனேன். பெட்டியில் நான், ஒரு கடலைக்காரர். அவரும் விற்க வரவில்லை, சும்மா வந்தாராம்.

வீட்டு நிலவரம்: ஆவடி பக்கம் சேக்காட்டில் இரண்டே அறை. முன்னறை ஏகாவின் தையல் கடை. (ஏகா என்றால் ஏகாம்பரம். என் வீட்டுக்காரர்.) பின்னறையில் அவர் துணி வெட்டும் மேஜை. மேஜை மேல் என் பிளைவுட், ஆறடிக்கு மூன்றடி. பிளைவுட் மேல் குட்டி ப.மி.சை. ஒரு ஓரம் ஆவடி, சுற்றி வளைத்து மறு ஓரம் சைடிங். மொத்தம் ஒன்பது அடித் தண்டவாளம், மூன்று பெட்டி எலெக்ட்ரிக் ட்ரெயின். எட்டு மாத வேலை. அந்த எட்டு மாதமாக மனுஷன் இஸ்திரி போடும் குட்டை மேஜையில் துணி வெட்டுகிறார்.

இன்று சாப்பிடும்போது சொல்லிவிட்டார்: "தீவாளி ஆர்டரு வந்துகினு கீது கோமதி. ஆயுத பூஜ வரிக்கும் டைமு. அதுக்கப்பறம் எனுக்கு என் டேபிளு ஓணும்."

நியாயம்தான். ரசத்தைக் குடித்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

வெயில். கம்பெனியில் 400 ஸ்ப்ரிங் அளந்து பார்த்தேன், 11 ரிஜெக்ட். (ஸ்ப்ரிங் செய்யும் கம்பெனி. தரம் பார்ப்பது என் வேலை.)

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியவில்லை எனக்கு.

டீ நேரத்தில் பேக்கிங் சாந்தி என் போனில் ரயில் படத்தைப் பார்த்துவிட்டாள். "யக்கா! இத்த நீயா செஞ்சே?" என்று அம்பத்தூர் எஸ்டேட் முழுக்கக் கேட்கும்படி ஒரு கத்தல். முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஏனுங் கோமதி, இது ஓடுமுங்களா?"

"ஓடும் சார்."

பொய். இதுவரை ஒரு தடவைகூட முழுதாக ஓடியதில்லை. பாதி வழியில் ரயில்வே கேட் இருக்கும் வளைவில் முதல் பெட்டி தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடும். எட்டு மாதத்தில் ஆவடியிலிருந்து கிளம்பிய வண்டி சைடிங்கைப் பார்த்ததே இல்லை.

அதற்குள் அந்தக் கோயமுத்தூர்க்காரர் கனவு காண ஆரம்பித்துவிட்டார். ஆயுத பூஜைக்குக் கஸ்டமர்கள் எல்லாம் குடும்பத்தோடு வருகிறார்களாம். ரயிலை நடுவில் வைத்து, அவரே பட்டன் அழுத்தப் போகிறாராம். புது ரிசப்ஷனில் நீளமாக ஒரு கண்ணாடிப் பெட்டி காலியாகக் கிடக்கிறது.

"நல்லா ஓடுச்சுன்னா அந்தக் கண்ணாடிக்குள்ளயே வெச்சிரலாமுங்க. எப்பவும் அங்கயே இருக்கட்டும். ஆனா ஓடோணுமுங்க. ஓடாத சாமானை வெச்சா நம்ம ஸ்ப்ரிங்கையும் சந்தேகப்படுவாங்க."

ஸ்ப்ரிங் ஓடாது சார் என்று நான் சொல்லவில்லை.

ரயிலில் வரும்போது யோசித்தேன். ஓடினால் என் ப.மி.சை.க்கு நிரந்தர இடம், ஏகாவுக்கு மேஜை. ஓடாவிட்டால் பரணில் ஆறடிப் பலகை ஏறாது, நடுவில் அறுக்க வேண்டியதுதான். அறுக்க வேண்டிய இடம் சரியாக இந்து காலேஜ் ஸ்டேஷன்.

செப்டம்பர் 19, வெள்ளி

புழுக்கம். கரண்ட் இரண்டு முறை போய் வந்தது.

சோதனை: 14 ஓட்டம். பதினாலிலும் வண்டி கேட் வளைவில் இறங்கியது. அதில் மூன்று முறை வண்டி கேட் கீப்பர் வீட்டுக்குள் போய்விட்டது.

இன்னொரு பிரச்சனை: எறும்பு. தண்டவாளத்துக்கு நடுவே ஜல்லி மாதிரி இருக்கட்டும் என்று ரவைக்குச் சாம்பல் நிறம் அடித்து ஒட்டியிருந்தேன். அளவு கச்சிதம். ஆனால் ரவை ரவைதானே. என் கணக்கு நூறில் ஒன்று, அதாவது நிஜத்தில் ஒரு மீட்டர் என்றால் என்னிடம் ஒரு சென்டிமீட்டர். அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு எறும்பும் ஒரு தெருநாய் சைஸ். பிளாட்ஃபாரத்தில் எண்பது நாய். ஆவடிக்கு இது புதிதல்ல என்றாலும் கொஞ்சம் அதிகம்.

மொத்த ரவையையும் சுரண்டி எடுத்தேன். எதிர் மனையில் வீடு கட்டுகிறவர்களிடம் ஒரு டப்பா எம்-சாண்ட் கேட்டு வாங்கி, டீ வடிகட்டியில் சலித்துப் போட்டேன்.

ஏகா டீ கேட்டார். வடிகட்டி இல்லை என்றேன். முன்னறைக்குப் போய்விட்டார். எட்டு மாதத்தில் அவர் என் ரயிலை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. "உன் பொம்ம" என்பார், அவ்வளவுதான். திட்டினால்கூடப் பதில் பேசலாம். இப்படி இருப்பவரை என்ன செய்ய?

செப்டம்பர் 21, ஞாயிறு

மேகமூட்டம். இட்லிக்கு மாவு புளிக்கவில்லை, தோசை.

ப.மி.சை. போனேன். இந்த முறை இறங்கினேன். கேட் வளைவில் வண்டி ஏன் இறங்குகிறது என்று நிஜ வளைவைப் பார்த்தால் தெரியும் என நினைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. நிஜ வண்டி பாட்டுக்குப் போகிறது.

வந்ததற்கு பிளாட்ஃபாரத்தின் உயரத்தையாவது அளக்கலாம் என்று குனிந்து டேப்பைத் தொங்கவிட்டேன். பின்னால் பூட்ஸ் சத்தம். ரயில்வே போலீஸ்காரர்.

"இன்னாம்மா அளந்துகினு கீறே? மிலிட்டரி ஏரியா இது, தெரியுமில்ல?"

என் கையில் ஏகாவின் மஞ்சள் தையல் டேப். நோட்டில் 'சுவர் 34, கம்பம் 12, கேட் 2' என்று குறிப்பு. என்னை நானே பிடித்துக் கொடுக்கலாம் போலிருந்தது.

"டெய்லர் வீடு சார்."

அவர் டேப்பைப் பார்த்தார், பிளாட்ஃபாரத்தைப் பார்த்தார். "டெய்லர்னா இன்னா, ஸ்டேஷனுக்கு ஜாக்கெட்டு தெக்கப் போறியா?"

விஷயத்தைச் சொன்னேன். போனில் படம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். கடைசியில் விரலை வைத்து, "இந்த மரம் இங்க கெடயாதும்மா. அந்தாண்ட கீது பாரு," என்றார்.

சரிதான். மரம் தப்பான பக்கம். வீட்டுக்கு வந்து மாற்றினேன்.

செப்டம்பர் 24, புதன்

மாலையில் நல்ல மழை. அம்பத்தூரில் நனைந்தேன்.

கண்டுபிடித்துவிட்டேன்!!

பலகை ஒன்றல்ல, இரண்டு துண்டை ஒட்டியது. ஒட்டுப்போட்ட இடம் சரியாக கேட் வளைவுக்கு அடியில். அங்கே ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை வைத்துப் பார்த்தேன்: 0.6 மி.மீ. தினமும் ஸ்ப்ரிங்கில் நூலிழை வித்தியாசத்துக்கு ரிஜெக்ட் போடுகிறவள், என் வீட்டுத் தண்டவாளத்தில் இவ்வளவு பெரிய பள்ளத்தை எட்டு மாதம் பார்க்கவில்லை. வெட்கக்கேடு.

0.6 உயர்த்த அடியில் என்ன கொடுப்பது? விசிட்டிங் கார்டு மெல்லியது. பிளாஸ்டிக் அட்டை வழுக்குகிறது. முன்னறையில் ஏகா காலருக்குள் வைக்கும் கேன்வாஸ் கிடந்தது. இரண்டு மடிப்பு, சரியாக 0.6. வடித்து வைத்த மாதிரி.

ஒரு சின்னத் துண்டுதான் எடுத்தேன். கேட்கவில்லை. கேட்டால் கொடுப்பார். ஆனால் எதற்கு என்று சொல்ல வேண்டுமே.

செப்டம்பர் 26, வெள்ளி

வெயில். மனசு முழுக்க வெயில்.

மாலை 6.20. ஆவடி கிளம்பியது. இந்து காலேஜ். பட்டாபிராம். கேட் வளைவு... தாண்டியது. தாண்டியது! சைடிங். முட்டுக்கட்டைக்கு ஒரு விரல்கடை முன்னால் நிறுத்தினேன். பிளாட்ஃபாரத்தில் காத்திருந்த குண்டூசிப் பயணிகள் பதினேழு பேரும் நின்றபடியே இருந்தார்கள்.

கத்தியே விட்டேன். ஏகா கத்தரிக்கோலோடு ஓடி வந்தார்.

"இன்னாமே, ஷாக் அட்ச்சிச்சா?"

"ஓடிருச்சுங்க! கடைசி வரைக்கும்!"

வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தோ, இவ்ளோ சந்தோசமா உனுக்கு?" என்றார். கேலியா நிஜமா தெரியவில்லை. போகும்போது வாசல்படியில் நின்று இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் முன்னறையிலிருந்து குரல்: "இந்த சட்டைக்கு வெச்சிருந்த காலர் கேன்வாஸ் எங்க போச்சி?"

வண்டியை எடுத்து மறுபடி ஆவடியில் வைத்தேன்.

செப்டம்பர் 29, திங்கள்

கம்பெனி முழுக்கத் துடைப்பு. மெஷினுக்கெல்லாம் எண்ணெய்த் துணியால் குளியல். வேலை பாதிதான்.

சாந்திதான் பூஜைப் பொறுப்பு. ஒவ்வொரு வண்டிச் சக்கரத்துக்கும் அடியில் வைக்க எலுமிச்சம்பழம் எண்ணிக்கொண்டிருந்தாள். லாரிக்கு நான்கு, முதலாளி காருக்கு நான்கு, டெலிவரி பைக்குக்கு இரண்டு.

"யக்கா, உன் ட்ரெயினுக்கு எத்தினி சக்கரம்?"

"இருபத்திநாலு. ஆனா எலுமிச்சம்பழம் வேணாம் சாந்தி. பழம் என் பெட்டியை விடப் பெருசு."

"வேணாமா? வண்டி இல்லியா அது? மொத மொத பொறப்படுது, பழம் நசுக்காம பொறப்படலாமா?"

என் கணக்கில் ஒரு எலுமிச்சை என்பது நான்கு மீட்டர் பாறை. பாறையில் மோதிய ரயில் என்ன ஆகும் என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டு, "அப்போ சுண்டக்கா வெக்கலாமா?" என்றாள்.

சுண்டைக்காய்க்குப் பேரம் படிந்தது. இரண்டு மட்டும். அதுவும் தண்டவாளத்தில் வைக்காமல் ஓரமாக. சாமி விஷயத்தில் கறாராக இருக்கிறேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். தண்டவாளம் சுத்தமாக இருந்தால்தான் வண்டி ஓடும், கரண்ட் அது வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது, எச்சில் விரல் பட்டால்கூட நின்றுவிடும் என்று கம்பெனியில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வைத்தேன். முதலாளியிடம் இரண்டு முறை.

செப்டம்பர் 30, செவ்வாய்

லேசான தூறல். வீட்டில் பொரி, கடலை, வாழைக்கன்று எல்லாம் வந்தாயிற்று.

கடைசிச் சோதனை: 7 ஓட்டம், ஏழும் முழுதாக. தண்டவாளத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் இரண்டு தடவை துடைத்தேன். பளபள.

நாளை ஏற்பாடு:
- நான் காலை 5.30-க்கே கம்பெனி. மேஜை, ஒயர், பட்டன் எல்லாம் ரெடி செய்ய. சாந்தியும் வருகிறாள்.
- ஏகா 9 மணிக்குக் குட்டி யானை வேனில் பலகையை ஏற்றிக்கொண்டு வருவார். (அவராகவே சொன்னார். "நீ போ. நான் இட்டாறேன். பயப்படாதே." ஆச்சரியம்.)
- மேலே மூடத் துணி. முதலாளிக்குச் சிலை திறப்பு மாதிரி துணியை இழுத்துத் திறக்க ஆசை. ஏகா மஞ்சள் லைனிங் துணி தருகிறார்.

படபடப்பு. எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் அன்றைக்குக்கூட இப்படி இல்லை. அப்போது பெயிலாகி விடுவோம் என்று உறுதியாகத் தெரியும்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

கையெழுத்து கோணலாக வரும். குட்டி யானையின் முன்சீட்டில் எழுதுகிறேன். திருமுல்லைவாயல் தாண்டும்வரை நெரிசல். ஏகா பின்னால் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

10.15. கூட்டம். கஸ்டமர்கள், அவர்கள் வீட்டுப் பட்டுப்புடவைகள், குழந்தைகள், அறுபது எழுபது பேர். லேத்துக்கு மாலை. முதலாளி வேட்டியில். மேஜை மேல் மஞ்சள் துணி போர்த்திய என் ப.மி.சை. பக்கத்தில் ஏகா, அவரே தைத்த வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல், கை கட்டிக்கொண்டு.

10.30. முதலாளி துணியை இழுத்தார். கைதட்டல். "அடேங்கப்பா" என்று யாரோ.

நான் தண்டவாளத்தைப் பார்த்தேன்.

சந்தனம். நடுவில் குங்குமம். கடுகு சைஸில் ஒரு பொட்டு, இரண்டு அங்குலம் தள்ளி இன்னொன்று, இன்னொன்று, இன்னொன்று. ஆவடி முதல் சைடிங் வரை. இரண்டு தண்டவாளத்திலும். சக்கரம் உருளும் மேல்பக்கத்தில்.

இருபது வருட சர்வீஸில் இவ்வளவு சீரான இடைவெளியை நான் எந்தச் சரக்கிலும் பார்த்ததில்லை. முதலில் தோன்றியது அதுதான், சத்தியமாக. அதற்கப்புறம்தான் காது அடைத்தது.

கம்பெனியில் எழுபது பேருக்குச் சொல்லி வைத்தவள், வீட்டில் ஒருத்தருக்குச் சொல்லவில்லை. அவர்தான் தொடவே மாட்டாரே என்று.

முதலாளியின் வீட்டம்மா குனிந்து பார்த்து, "அய்யோ, எத்தன அழகா பொட்டு வெச்சிருக்கீங்க!" என்றார். அவ்வளவுதான், ஏகா மலர்ந்துவிட்டார்.

"இவ கெளம்பனதும் காலங்காத்தால அஞ்சு மணிக்கி குந்தனேம்மா. பல்லு குத்துற குச்சில வெச்சது. ஒம்போது அடி, ரெண்டு தண்டவாளம், ரெண்டு இஞ்சிக்கு ஒண்ணு. மொத்தம் நூத்தியெட்டு! கணக்கா வந்துட்ச்சி பாருங்க. சும்மா வர்ல, சாமி கணக்கு." அப்புறம் என் பக்கம் கையைக் காட்டி, "எட்டு மாசமா இத்தயே கட்டிகினு அழுவுது. என்னால ஆனது," என்றார்.

எட்டு மாதத்தில் முதல்முறையாக என் ரயிலைத் தொட்டிருக்கிறார்.

முதலாளி பட்டனை அழுத்தினார். விளக்கு ஒரு கணம் எரிந்தது. வண்டி அரை அங்குலம் நகர்ந்தது. நின்றது.

ஒரு குழந்தை, "அவ்ளோதானா?"

"ஏனுங் கோமதி, என்னாச்சுங்க? கரண்ட் இல்லீங்களா?"

என் இடது கையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சு இருந்தது. ஐந்து நிமிடம் போதும், துடைத்துவிடலாம். ஒரு வாக்கியம் போதும்: பொட்டு வைத்ததால் கரண்ட் போகவில்லை சார். வண்டி ஓடும், கண்ணாடிப் பெட்டி கிடைக்கும், என் ப.மி.சை. அறுபடாது. எல்லாரும் சிரிப்பார்கள். யாரைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்பதுதான் விஷயம்.

சாந்தி பொட்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். திங்கட்கிழமை சொன்ன விஷயம் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. "யக்கா, இந்த பொட்டு..." என்று ஆரம்பித்தாள். அவள் காலை மிதித்தேன். நன்றாகவே மிதித்துவிட்டேன், பாவம்.

"மோட்டார் போயிடுச்சு சார். நேத்தே சூடாச்சு. நான்தான் கவனிக்கல."

பஞ்சை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

முதலாளி பெரிய மனுஷன். "பரவால்லீங்க, பரவால்லீங்க," என்று நாலு தடவை சொன்னார். அவர் அத்தனை தடவை சொன்னால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதோடு பூசணிக்காய் உடைக்கப் போய்விட்டார்கள். கண்ணாடிப் பெட்டியில் மீன் வளர்க்கலாம் என்று யாரோ ஐடியா கொடுத்தது என் காதில் விழுந்தது.

ஏகா பொரிப் பொட்டலத்தைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

அன்றே, மாலை

வீட்டுக்கு வந்து அவரே பலகையைத் தூக்கி வெட்டு மேஜை மேல் வைத்தார். நான் பஞ்சை எடுத்தேன்.

"இன்னிக்கி கை வெக்காதே. பூஜைல வெச்சது. நாளிக்கி காலைல எடுத்துக்கலாம்."

சரி என்று வைத்துவிட்டேன்.

"எப்ப காலி பண்ணட்டும்?" என்று கேட்டேன். ரம்பம் பக்கத்து வீட்டில் இருக்கிறது, இரவல் வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டதாகத்தான் நினைப்பு.

அவர் நூல் கண்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே அடுக்கி இருந்ததைக் கலைத்து அடுக்கினார்.

"டேபிளு கெடக்கட்டும்மே. தீவாளிக்கி குட்ட டேபிளு பத்தாது, நான் தரைல குந்தி வெட்டிக்கிறேன்."

"முட்டி வலின்னு சொன்னீங்க?"

"முட்டி அது பாட்டுக்கு கீது. அத்தினி பேரு முன்னாடி நீ தலய தொங்கப் போட்டுகினு நின்னியா... எனுக்கு ஒரு மாரி ஆயிட்ச்சி. மோட்டாரு வாங்கி மாட்டு. ஓடற வரிக்கும் இங்கயே இருக்கட்டும். அறுக்கறதெல்லாம் வேணாம்."

பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். அப்புறம் சிரிப்பு வந்தது. இரண்டும் சேர்ந்து விக்கல்.

அவரிடம் நிஜத்தைச் சொல்லலாமா? சொல்லாவிட்டால் மனுஷன் தீபாவளிவரை தரையில் உட்கார்ந்து துணி வெட்டுவார். சொன்னால், நூற்றெட்டுப் பொட்டும்தான் காரணம் என்று சொல்ல வேண்டும். முடிவாகச் சொல்லப் போவதில்லை. மேஜையைப் பாதிப் பாதியாக்க ஒரு வழி யோசிக்க வேண்டும். பலகையைச் சுவரோரம் கீல் வைத்து மடக்கினால்?

அக்டோபர் 2, வியாழன். விஜயதசமி

நல்ல வெயில். காக்கா சத்தம்.

ஆறு மணிக்கே எழுந்து குளித்து, விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, மன்னிப்பும் கேட்டுக்கொண்டு துடைக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு பொட்டாக. ஸ்பிரிட், காது குடையும் பஞ்சுக்குச்சி. சந்தனம் காய்ந்து சிமெண்ட் ஆகியிருந்தது. சக்கரங்களில்கூட ஒட்டியிருந்தது. எண்ணிக்கொண்டே வந்தேன். 107-தான் வந்தது. மறுபடி தேடினேன். 108-வது கேட் கீப்பர் வீட்டு வாசலில், தண்டவாளம் இல்லாத இடத்தில். தண்டவாளத்தில் நூற்றெட்டுக்கு ஒன்று குறைந்திருக்கும் போல, அதை கேட் கீப்பர் பொம்மையின் நெற்றிக்கு வைத்திருக்கிறார். குண்டூசித் தலையில் குங்குமம்.

அதைத் துடைக்கவில்லை.

7.10. பட்டனை அழுத்தினேன். ஆவடி. இந்து காலேஜ். பட்டாபிராம். கேட். சைடிங். ஒரு குலுக்கல் இல்லை. திருப்பி விட்டேன், திரும்பியும் வந்தது.

சத்தம் கேட்டு ஏகா பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே ஓடி வந்தார். நுரையோடு நின்றார். வண்டி மறுபடி சைடிங் போய்ச் சேரும்வரை அவர் துப்பவில்லை, விழுங்கவும் இல்லை.

ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"மோட்டாரு?"

"என்னன்னு தெரியல. தானா சரியாயிருச்சு."

குனிந்து தண்டவாளத்தைப் பார்த்தார். நான் பஞ்சுக்குச்சிகளை முந்தானைக்குள் மறைத்தேன்.

"பொட்டு எங்கமே?"

"வண்டி ஓடுனதுல அழிஞ்சுருச்சுங்க."

நிமிர்ந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அதான் பாத்தேன்! நேத்து வெச்ச பொட்டு இன்னிக்கி வேல செய்து. சாமிக்கு ஒரு நாளு டைம் குடுக்கணும், நம்பதான் அவசரப்பட்டுட்டோம். உன் மொதலாளிக்கி போன் போட்டு சொல்லு." தலையை ஆட்டி ஆட்டித் தனக்குத்தானே ஒத்துக்கொண்டார். "நீ ஒண்ணும் கவலப்படாதே கோமதி. மெஷினுக்கு வெக்கிறாப்ல இனிமே இதுக்கும் வாராவாரம் வெள்ளிக்கெழம நானே வெச்சிட்றேன். நூத்தியெட்டு. ஒண்ணு கொறயாது."

"சரிங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

நாளை வெள்ளிக்கிழமை.